மா: ஓரெழுத்துச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாமரமும் மா, புட்டுக்குக் குழைப்பதும் மா, தஞ்சாவூர்ப் பக்கம் வயலை அளப்பதும் மா. கடல் தாண்டிப் போனால் சீனத்தில் அது குதிரை, வியட்நாமில் பேய், இத்தாலியில் 'ஆனால்', ஹங்கேரியில் 'இன்று'. இதையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டு, "பார்த்தீர்களா, எல்லாம் ஒரே வேர்" என்று முடிக்கும் செய்திகள் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகின்றன. அவற்றைப் படித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

தமிழில் 'மா' என்பது ஒரு சொல்லா, பல சொற்களா?

பல சொற்கள். உச்சரிப்புதான் ஒன்று.

ஓரெழுத்தில் அமைந்த சொற்கள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அதில் மகர வரிசைக்கு மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. ஆனால் அது வடிவத்தின் கணக்கு, பொருளின் கணக்கு அல்ல. மா என்ற வடிவத்துக்குள் மாமரம், விலங்கு, அரைத்த மாவு, இருபதில் ஒரு பங்கு, கருமை, பெருமை, திருமகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

இவற்றில் சில ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. விலங்கு என்ற பொருளில் வரும் மா, சங்கப் பாட்டில் இடத்தைப் பொறுத்துக் குதிரையாகும், யானையாகும். "மாவும் மாக்களும் ஐயறி வினவே" என்று தொல்காப்பியம் சொல்லும்போது பொதுவாக விலங்கு. அரிமா என்றால் சிங்கம். இது ஒரே சொல், பொருள்தான் விரிந்தும் சுருங்கியும் வருகிறது. மாமரத்தின் மாவுக்கும் இந்த மாவுக்கும் உறவு கிடையாது.

எப்படித் தெரியும் என்றால், பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்துப் பார்க்க வேண்டும். 'கோடு' என்ற பழைய சொல்லுக்கு மரக்கிளை என்றும் பொருள், கொம்பு என்றும் பொருள். மாமரத்தின் கிளை 'மாங்கோடு'. விலங்கின் கொம்பு 'மான்கோடு'. தனியாக நிற்கும்போது ஒன்றாக ஒலிக்கிற இரண்டும், சேரும்போது வேறு வேறு வழியில் போகின்றன. தொல்காப்பியம் இதற்குத் தனி விதி சொல்லியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இலக்கணக்காரருக்கு இது இரண்டு சொல் என்பதில் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் நமக்குத்தான்.

இலங்கைத் தமிழர் 'மா' என்கிறார்கள், நாம் 'மாவு' என்கிறோம். எது சரி?

இரண்டும் சரி. யாழ்ப்பாணத்தில் அரிசி மா, கோதுமை மா, குரக்கன் மா. புட்டுக்கு வறுத்த மா. தமிழ்நாட்டில் பின்னால் ஓர் உகரம் ஒட்டி, இடையில் வகரம் நுழைந்து 'மாவு' ஆகிவிட்டது. பேச்சில் பூவை 'பூவு' என்பதும் இதே பழக்கம்தான். எழுத்தில் அதைத் தவறென்போம், 'மாவு' மட்டும் தப்பிவிட்டது. மலையாளத்தில் இன்னும் வேடிக்கை: அரைத்ததும் 'மாவு', மாமரமும் 'மாவு'.

நிலக்கணக்கில் வரும் 'மா' எவ்வளவு?

காவிரிப் பாசனப் பகுதியில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. குழி என்பது 12 அடிக் கோலால் அளந்த சதுரம், அதாவது 144 சதுர அடி. ஆக ஒரு மா 14,400 சதுர அடி. ஏறக்குறைய 33 சென்ட். 'மூணு மா ஒரு ஏக்கர்' என்று ஊரில் சொல்வது கிட்டத்தட்டச் சரி. கறாராகப் பார்த்தால் மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. அந்த 360 சதுர அடிக்காக யாரும் வரப்பில் நின்று சண்டை போடுவதில்லை என்றே நினைக்கிறேன். கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியதால் பழைய ஆவணங்களில் இந்தக் கணக்கும் மாறும், கவனம்.

இந்த 'மா' எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கணக்குக்குள்ளேயே இருக்கிறது. வேலியில் 20இல் ஒரு பங்கு என்பதால்தான் அது மா. பழந்தமிழ் பின்ன எண்களில் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதன் பெயர் 'மாகாணி'. பெயரே கூட்டல் கணக்கு! அரைமா 1/40, நாலுமா 1/5. திண்ணைப் பள்ளியில் இந்த வாய்பாடெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இந்தப் பின்னக் குறியீடுகளுக்கு 2019இல் யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எழுதத்தான் ஆளில்லை.

மாநகர், மாபெரும் என்பதில் வரும் 'மா', 'மகா'வின் சுருக்கமா?

சில இடங்களில் ஐயமில்லாமல் ஆம். மாமல்லன் என்பது முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் 'மகாமல்லன்' என்ற பட்டப்பெயர். ஊர்ப்பெயரான மாமல்லபுரமும் அதை ஒட்டியது. அதற்காகத் தமிழ்ப் பாட்டில் வரும் ஒவ்வொரு மாவையும் மகா என்று விரிப்பது தப்பு. பழம்பாட்டில் கருமையைக் குறிக்கும் மாவும் உண்டு. மாயோன், மாமை எல்லாம் அந்தப் பக்கம். 'மா கடல்' என்று ஒரு புலவர் பாடினால் பெரிய கடலா, கரிய கடலா? உரைகாரர்களே இரண்டு பக்கமும் பேசுவார்கள். கடல் இரண்டுமாக இருப்பதால் யாரும் தோற்பதில்லை.

'மேங்கோ' என்ற ஆங்கிலச் சொல் தமிழிலிருந்தா போனது?

தமிழ், மலையாளக் கரைகளிலிருந்து போனது என்பது சரி. தமிழில் மாங்காய், மலையாளத்தில் 'மாங்ங'. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு போர்ச்சுகீசியர் அதை 'மங்கா' என்று எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலம் வாங்கியது. மலாய் மொழியிலும் 'மங்கா' என்றே இருக்கிறது. சீனர்கள் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் பழம் என்று பொருள்படும் 'குவோ'வைச் சேர்த்து 'மாங்குவோ' ஆக்கிவிட்டார்கள். இதுதான் உண்மையான உறவு: பொருள் கப்பலில் ஏறிப் போயிருக்கிறது, பெயரும் கூடவே போயிருக்கிறது.

இந்தியில் 'ஆம்', சிங்களத்தில் 'அம்ப'. இரண்டும் 'ஆம்ர' என்ற வடசொல்லின் வழி வந்தவை. நம் மாவோடு சேராது. கன்னடத்தில் 'மாவு', தெலுங்கில் 'மாமிடி', இவை நம் பக்கம். துளுவில் மட்டும் 'குக்கு'. ஏன் அப்படி என்று மங்களூர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

போர்ச்சுகீசிய மொழிக்குள்ளேயே இன்னொரு கூத்து இருக்கிறது. அங்கே 'மங்கா' என்றால் சட்டைக் கை என்றும் பொருள். அது லத்தீனிலிருந்து வந்தது. மாம்பழமும் சட்டைக் கையும் ஒரே எழுத்துக்கூட்டல். போதாததற்கு ஜப்பானியப் படக்கதையான 'மங்கா'வும் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று நாட்டு விருந்தாளிகள், வாசலில் ஒரே பெயர்ப்பலகை.

சீனத்தில் 'மா' என்றால் குதிரை. சங்கத் தமிழிலும் 'மா' குதிரை. இது தற்செயலா?

தற்செயல்தான். கேட்கும்போது புல்லரிக்கும் என்பது உண்மை.

இன்றைய சீனக் குதிரையை இன்றைய உச்சரிப்பில் வைத்துக்கொண்டு பேசக்கூடாது. பழைய சீனத்தில் அந்தச் சொல்லில் மகரத்துக்குப் பின்னால் ஒரு ரகர ஒலி இருந்ததாக மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். சீனத்தின் தூரத்து உறவான பர்மிய மொழியில் குதிரைக்கான சொல்லை இன்றும் 'ம்ரங்' என்றுதான் எழுதுகிறார்கள், வாசிப்பது மட்டும் 'மியின்'. சங்கக் காலத்துக்கு முன்னால் போகப் போக, சீனச் சொல் 'மா'வாகவே இல்லை. தமிழ்ப் பக்கமோ அது முதலில் எந்த விலங்குக்கும் பொதுப்பெயர். இரண்டும் பின்னோக்கிப் போகும்போது நெருங்க வேண்டும். இங்கே விலகிப் போகின்றன.

சீன 'மா'வில் தொனி வேறு இருக்கிறது. மேலே சமமாகப் பிடித்தால் அம்மா, ஏற்றினால் சணல், தாழ்த்தி எடுத்தால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டு. தொனியில்லாமல் வாக்கியக் கடைசியில் ஒட்டினால் கேள்வி. நம் 'ஆ' போல. 'அம்மா குதிரை ஏறுகிறாள், குதிரை மெதுவாகப் போகிறது, அம்மா குதிரையைத் திட்டுகிறாள்' என்று ஒரு நாப்பிறழ்ச் சொற்றொடர் சீனப் பிள்ளைகளிடம் உண்டு, பாதிக்கு மேல் 'மா'தான். எழுத்திலும் குதிரை விடாது: பெண் என்ற குறியின் பக்கத்தில் குதிரையை வைத்தால் அம்மா, வாய் என்ற குறியின் பக்கத்தில் குதிரையை வைத்தால் கேள்வி ஒட்டு, குதிரைமேல் இரண்டு வாய் வைத்தால் திட்டு. அம்மாவுக்கும் குதிரைக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஓசையைக் காட்டத்தான் குதிரை அங்கே நிற்கிறது.

உலகம் முழுக்க அம்மாவுக்கு 'மா' வருகிறதே, அதுவும் தற்செயலா? கொரிய மொழியில் அப்பா, அம்மா இரண்டும் இருக்கிறதே?

இது தற்செயலும் அல்ல, உறவும் அல்ல. மூன்றாவது ஒரு காரணம்.

கைக்குழந்தைக்கு முதலில் வசப்படுவது உதட்டொலிகள். வாய் நிறையப் பால் இருக்கும்போது முனகினால் மூக்கு வழியாக மகரம் வரும். ரோமன் யாகோப்சன் என்ற மொழியியலாளர் 1960இல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். மானிடவியலாளர் மர்டாக் உலக மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 தாய் தந்தைப் பெயர்களை அவர் எடுத்துக்கொண்டார். தாயைக் குறிப்பவற்றில் 55 விழுக்காட்டில் ம, ந போன்ற மெல்லொலிகள்; தந்தையைக் குறிப்பவற்றில் 15 விழுக்காடுதான். குழந்தை முனகுகிறது, பெரியவர்கள் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மொழியிலும் இது தனித்தனியாக நடக்கும்.

நூற்றுக்கு நூறு என்று நினைத்துவிடக்கூடாது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'. ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜட்ஜரா மொழியிலும் 'மாமா' அப்பாதான். நமக்கு மாமா அம்மாவின் தம்பி, சீனருக்கு அதே ஓசை அம்மா.

கொரியத் தொடர் பார்க்கிறவர்கள் 'அப்பா', 'ஒம்மா' என்று கேட்டதும் துள்ளுவது புரிகிறது. ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார், ஆசை புதிதல்ல. ஆனால் உறவை நிறுவ மழலைச் சொற்களை யாரும் சாட்சியாக ஏற்பதில்லை. அவை எந்த வீட்டிலும் தானாக முளைக்கும்.

அரபு மொழியில் 'மாமா' என்றால் அம்மா. பல அரபுத் தாய்மார் தங்கள் பிள்ளையையே 'மாமா' என்று கொஞ்சுவார்கள். நாம் மகளைப் பார்த்து "என்னம்மா" என்று கேட்பது போல. அது மட்டும் அழகான ஒற்றுமை.

மாட்டேன், அரபியில் 'மாஃபி', சமஸ்கிருதத்தில் 'மா': மறுப்புக்கெல்லாம் 'மா' வருவது ஏன்?

வளைகுடாவில் வேலை பார்த்த யாரிடமாவது கடன் கேட்டுப் பாருங்கள், "ஃபுலூஸ் மாஃபி" என்று பதில் வரும். அரபு 'மா' என்றால் இல்லை, 'ஃபி' சேர்ந்தால் 'கிடையாது'. அதே அரபு 'மா'வுக்கு 'என்ன' என்றும் பொருள் உண்டு. சமஸ்கிருத 'மா' என்றால் 'வேண்டாம், செய்யாதே'. கிரேக்க 'மே' அதன் உடன்பிறப்பு. துருக்கியில் 'கெல்' என்றால் வா, 'கெல்மே' என்றால் வராதே. அரபு ஒரு குடும்பம், சமஸ்கிருதமும் கிரேக்கமும் ஒரு குடும்பம், துருக்கி இன்னொன்று; மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டில்லை.

தமிழ் 'மாட்டேன்' இந்தப் பட்டியலில் நுழையவே கூடாது. அதில் மறுப்பு 'மா'வில் இல்லை. 'மாட்டு' என்ற பழைய வினைக்கு 'முடிதல், வல்லமை உடைமை' என்று பொருள். நேரெதிர்! பின்னால் வரும் எதிர்மறை வடிவம்தான் அதை மறுப்பாக்குகிறது. 'செல்' என்பது 'செல்லேன்' ஆவது போல 'மாட்டு' என்பது 'மாட்டேன்' ஆனது. உடன்பாட்டு வடிவம் வழக்கொழிந்து எதிர்மறை மட்டும் மிஞ்சியதால், முதல் எழுத்திலேயே மறுப்பு இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

வியட்நாமில் 'மா' என்றால் பேய். அதற்கும் தமிழுக்கும் ஒரு தொடர்பும் இருக்காதே?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. யாரும் எதிர்பார்க்காத இங்கேதான் தொடர்பு இருக்கிறது.

புத்தர் போதிமரத்தடியில் அமர்ந்தபோது அவரைக் கலைக்க வந்தவன் மாரன். சாவு, கொல்லுதல் என்று பொருள்படும் வடமொழி வேரில் பிறந்த பெயர். பௌத்தம் சீனத்துக்குப் போனபோது இந்தப் பெயரை அவர்கள் எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. சணலைக் குறிக்கும் 'மா' எழுத்தை ஓசைக்காக மேலே வைத்து, பேயைக் குறிக்கும் எழுத்தைக் கீழே வைத்து ஒரு புது எழுத்து அமைந்தது. மாரன், 'மா' ஆனான். இன்றைய சீனத்தில் 'மோ' என்று ஒலிக்கிறது. வியட்நாமியர் அதை 'மா' என்று வாங்கி, பேய்க்கெல்லாம் பொதுவாக்கிவிட்டார்கள். ஜப்பானில் 'அக்குமா' என்றால் சாத்தான், அதன் கடைசி எழுத்தும் அதே மாரன்தான். (இசையிலும் நாடகத்திலும் இடைவெளியைக் குறிக்க ஜப்பானியர் சொல்லும் 'மா' வேறு. அது அவர்கள் சொந்தச் சொல்.)

தமிழுக்கு அதே மாரன் வந்தபோது மன்மதன் ஆகிவிட்டான். மணிமேகலை புத்தரை "மாரனை வெல்லும் வீர" என்று போற்றுகிறது. ஆக, ஹனோய்ப் பேயும் தமிழ்க் கவிஞரின் மன்மதனும் ஒரே ஆள்.

வியட்நாமில் தொனியை மாற்றினால் 'மா' கல்லறை ஆகும், 'ஆனால்' ஆகும், நெல் நாற்றும் ஆகும். அங்கே மா என்றால் நாற்று. தஞ்சாவூரில் நாற்று நடுகிற நிலத்தின் அளவு. இதையும் யாராவது ஒரு நாள் இணைத்து எழுதிவிடுவார்கள், பாருங்கள்.

'மேடம்' என்பதில் 'மா' இருக்கிறதா?

இருக்கிறது. பிரெஞ்சில் 'மா' என்றால் 'என்', பெண்பாலுக்கு. 'மா தாம்' என்றால் 'என் சீமாட்டி'. இத்தாலிய 'மடோனா'வும் அதே கட்டுமானம். ஆங்கிலத்தில் மேடம் தேய்ந்து 'மேம்' ஆனது, நம் அலுவலகங்களில் இரண்டும் புழங்குகின்றன. "எஸ் மேம்" என்று ஒருவர் சொல்லும்போது அந்த 'என்' எங்கோ உள்ளே புதைந்து கிடக்கிறது.

ஐரோப்பாவில் வேறு எங்கெல்லாம் 'மா' வருகிறது?

இத்தாலிய 'மா' என்றால் 'ஆனால்'. 'கூடுதலாக' என்று பொருள்படும் லத்தீன் 'மாகிஸ்' தேய்ந்து வந்தது. போலந்தில் 'அவனிடம் இருக்கிறது'. ஹங்கேரியில் 'இன்று'. எஸ்தோனியாவில் 'நான்'. அதையே நெடிலாக்கினால் 'நிலம்', ஃபின்லாந்திலும் அப்படியே. கவனியுங்கள்: ஹங்கேரிய, எஸ்தோனிய, ஃபின்னிய மொழிகள் மூன்றும் ஒரே குடும்பம். உறவு இருந்தும் அங்கே ஒரே ஓசைக்கு வேறு வேறு பொருள்.

அப்படியானால் இரண்டு சொல் உறவா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கும்பலாகப் பார்க்க வேண்டும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பத்து – ஹத்து. புலி – ஹுலி. பூ – ஹூ. பல் – ஹல்லு. நம் பகரம் அங்கே ஹகரம், தவறாமல். இப்படி ஒழுங்காக மாறினால்தான் உறவு. எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் திராவிட மொழிகளை ஒரு குடும்பமாகக் காட்டியதற்கு அடிப்படை இந்த வகை ஒப்பீடுதான். ஒன்றுபோல ஒலிப்பது சாட்சி அல்ல, ஒழுங்காக வேறுபடுவதுதான் சாட்சி.

அப்புறம், பழைய வடிவத்தைத் தேடுங்கள். தமிழ் 'எட்டு', ஆங்கில 'எய்ட்' இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதே என்று கேட்பார்கள். எண்பது, எண்ணூறு என்று சொல்லிப் பாருங்கள்; எட்டுக்குள் ஒளிந்திருக்கும் 'எண்' வெளியே வரும். ஆங்கிலப் பக்கம் போனால் லத்தீன் 'ஒக்டோ', சமஸ்கிருத 'அஷ்ட' என்று வேறு திசையில் போகிறது.

இதைவிட நம்ப முடியாத ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு. ம்பாபரம் என்ற பூர்வகுடி மொழியில் நாய்க்கு 'டாக்'. ஆங்கிலக் கடன் அல்ல. பக்கத்து மொழிகளில் அது 'குடகா'; முதல் அசை உதிர்ந்து, உயிர் மாறி, 'டாக்' என்று வந்து நின்றது. அதை ஆராய்ந்த டிக்சனே முதலில் நம்பவில்லை.

'மா' போல வேறு எந்தச் சொல்லைத் தேடிப் பார்க்கலாம்?

'தா'வை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் 'டா' என்றால் கொடு, சமஸ்கிருதத்தில் கொடுத்தலுக்கு வேர் 'தா', ரஷ்யாவில் 'டா' என்றால் ஆமாம். லத்தீனும் சமஸ்கிருதமும் உண்மையிலேயே உறவு. ரஷ்ய ஆமாம் வேறு. தமிழ் 'தா'வையும் அதில் சேர்த்துவிடலாமா என்று கை பரபரக்கும். சேர்ப்பதற்கு முன் அந்த வினையை விகுதியோடு சொல்லிப் பாருங்கள்: தருகிறான், தருவான், தராதே. 'வா' என்பது வருகிறான், வருவான், வராதே என்று ஆவதைப் போலவே, 'தா'வுக்குள்ளும் ஒரு ரகரம் இருக்கிறது.